பெயர் சுட்டாப் பெருமை

1858ஆம் ஆண்டு யூலை மாதத்திலே அமெரிக்க ஐக்கிய நாடுகளும் யப்பானும் வணிக உடன்படிக்கை ஒன்றிற் கைச்சாத்திட்டன. அவ்வுடன்படிக்கையின் தொடக்கத்திலே ஒருபுறம் ஐக்கிய நாடுகளின் சனாதிபதி நிற்கிறார். மறுபுறம் 'மாட்சிமை தங்கிய தைக்குன்' நிற்கிறார். மன்னர்க்குரிய அடைமொழியோடு நாட்டின் தலைவராகக் காட்டப்பட்ட இந்தத் தைக்குன் உண்மையில் எடோ நகரிலிருந்து ஆட்சி நடத்திய ஷோகுன். அஃதாவது, பட்டத்தளவிற் படைத்தலைவர். யப்பானியரின் மன்னர் வேறொருவர். அவர் கியோத்தோ நகரத்து அரண்மனையிலே இருந்தார். உடன்படிக்கைக்கு அவர் இசைவு தரவுமில்லை. இசைவின்றியே அதனை நிறைவேற்றுவித்த பேரமைச்சர் இயி நவோசுக்கே 1860இல் எடோக் கோட்டையின் வாயிலொன்றின் அருகே வெட்டுண்டு இறந்தார். 1868இல் ஷோகுன் ஆட்சியே மறைந்தது. ஒரு பட்டச் சொல்லால் மட்டும் இத்தனையும் விளைந்தன என்று கூறுவது மிகையாகும். எனினும், நாட்டின் பெயராற் கையெழுத்திட உரியவர் யார் என்னும் வினா அப்பூசலின் நடுவிலே நின்றது என்பதை எவரும் மறுக்கவியலாது.

தைக்குன் என்னும் சொல்லின் வரலாறு சுவையானது. 'பெருங்கோ' என்று தமிழிற் சொல்லலாம். உள்நாட்டிலே ஷோகுனை அப்பெயரால் அழைக்கும் வழக்கம் இருந்ததில்லை. கொரிய மன்னரோடு கடிதப் போக்குவரத்து வேண்டியிருந்தபோது ஒரு சங்கடம் எழுந்தது. 'மன்னர்' என்று எழுதினால் கியோத்தோவிலே குற்றம். 'படைத்தலைவர்' என்று எழுதினால், மன்னருக்கு ஒரு சேவகன் கடிதம் எழுதினான் என்று கொரியர் முகஞ்சுளிப்பர். இரண்டுக்கும் நடுவே 1630களிலே தேர்ந்தெடுத்த சொல்லே தைக்குன். பின்னர் ஆராய் ஹக்குசெக்கி என்னும் அறிஞர் அதிலும் ஒரு வழுக் கண்டார். அதே எழுத்துகளாலான பட்டம் கொரியாவிலே மன்னனின் புதல்வர்க்கு வழங்குவது. அப்படியாயின் நம் தலைவர் கொரிய மன்னருக்கு மகன்முறை ஆகிவிடுகிறார் அல்லரோ என்பது அவர் வாதம். அவர் சொற்படி 1711இல் அது 'யப்பானின் மன்னர்' என்று மாற்றப்பட்டது; 1719இல் மறுபடியும் தைக்குனே வந்தது. அதன் பின்னரே அமெரிக்கர் அதனைக் கையேற்றனர். ஆபிரகாம் லிங்கனின் செயலாளர்கள் தம் தலைவரை விளையாட்டாக அப்பெயரால் அழைத்தனர். இன்று ஆங்கிலப் பத்திரிகைகளிலே எண்ணெய்க்கும் கப்பலுக்கும் உடைமைக்காரரான பெருமுதலாளிகளெல்லாரும் 'தைக்கூன்'கள். யாரையும் தெளிவாகச் சுட்டாதிருத்தற்கென்றே ஆக்கிய ஒரு சொல், இறுதியில் எவர்க்கும் உரியதாயிற்று.

இது தற்செயல் அன்று என்பதே எமது கருத்து. யப்பானிய மொழியிலே தலைமையையும் பெருமையையும் குறிக்கும் சொற்களுட் பெரும்பாலன ஆளைக் குறிப்பனவல்ல. ஆள் இருக்கும் இடத்தையும், அவ்விடத்தை நோக்கிப் பேசுபவன் நிற்கும் இடத்தையுமே குறிப்பன. இந்நுட்பத்தைக் கருதாது, ஆங்கில அகராதி தரும் சொல்லை வாங்கி, 'சக்கரவர்த்தி' என்றும் 'எசமான்' என்றும் 'தலைவர்' என்றும் தமிழிலே எழுதிவிடும் வழக்கம் எம்மவரிடையே ஊன்றிவிட்டது. அதனால் அம்மக்களைப் பற்றி நாம் கொள்ளும் மதிப்பே பிழைபடுகின்றது. ஒருபுறம் அவர்களை அடிமைப் புத்தியினர் என்கிறோம். மறுபுறம் பணிவின் திருவுருவம் என்று போற்றுகிறோம். இரண்டும் ஒரே தவறான மொழிபெயர்ப்பின் இரு பிள்ளைகள்.

சொற்களையே பார்ப்போம். மன்னரை முன்னிலைப்படுத்துங்கால் வழங்குவது 'ஹெய்க்கா' என்பது. அதன் எழுத்துப்பொருள் 'படிக்கட்டின் கீழே' என்பதாகும். சீனத்திலிருந்து வந்த வழக்கு இது. அரியணையை நோக்கி ஏறும் படிகளின் கீழே காவலர் நிற்பர். பேசவந்தவன் மன்னரை நேரே விளியாது, அக்கீழ்ப்படியிலே நிற்பாரை விளித்துத் தன் சொல்லை மேலே அனுப்புகிறான். இளவரசர்க்கு வழங்கும் 'தென்கா' என்பது 'மண்டபத்தின் கீழே'. அமைச்சர்க்கும் தூதர்க்கும் முன்னர் வழங்கிய 'கக்கா' என்பது 'மாடத்தின் கீழே'. மேலைநாட்டார் நெடுங்காலம் யப்பானிய மன்னரின் பெயரென்றே எண்ணியிருந்த 'மிகாதோ', 'திருவாயில்' என்னும் பொருளது. பிரபுவைக் குறிக்கும் 'தோனோ' என்பதோ மாளிகை. மனையும் வாயிலும் மாடமும் படியும் கூறப்படுகின்றன. அவற்றினுள்ளே இருப்பவர் மட்டும் கூறப்படுகின்றிலர்.

தமிழ் வாசகருக்கு இது முற்றிலும் புதிதன்று. ஆதீனத் தலைவரை நாம் 'சந்நிதானம்' என்கிறோம். எம் பாட்டன்மார் கடிதம் எழுதுங்கால் பெரியாரின் 'சமுகத்துக்கு' எழுதினர், அவருக்கு எழுதினாரல்லர். இன்னும் ஒருபடி மேலே செல்லலாம். தன்மை, முன்னிலை, படர்க்கை என்பவற்றை எம் இலக்கணகாரர் 'மூவிடம்' என்றே வகுத்தனர். பேசுவோனும் கேட்போனும் ஆள் அல்லர், இடம் என்பது அவர்கள் கண்ட உண்மை. யப்பானியத்திலே கேட்போனைக் குறிக்கும் 'ஒமாயே' என்னும் சொல்லின் பொருள் 'திருமுன்' என்பதாகும். எங்கள் 'முன்னிலை'யும் அதுவே. பேராசிரியர் ஓனோ சுசுமு தமிழும் யப்பானியமும் உறவுமொழிகள் என்று நெடுநாள் வாதிட்டதும், யாழ்ப்பாணத்துச் சண்முகதாஸ் தம்பதியர் அவ்வாராய்ச்சியில் அவரோடு உழைத்ததும் வாசகர் அறிந்தனவே. மொழியியலாளருட் பெரும்பாலார் அக்கொள்கையை ஏற்றிலர். நாமும் இவ்வொற்றுமையை அதற்குச் சான்றாகக் காட்ட வரவில்லை. பெரியாரின் பெயரைச் சொல்ல அஞ்சுகின்ற நாக்கு எங்கே இருந்தாலும் அவர் வீட்டு வாயிலைச் சுட்டத்தான் செய்யும். எகிப்திய மன்னரின் 'பாரோ' என்னும் பட்டமும் 'பெருவீடு' என்ற பொருளினதே.

ஆயின் யப்பானிலே நிகழ்ந்ததற்கு ஒரு தனித்தன்மை உண்டு. பெருமை இடத்துக்கே உரியதாயின், அதிகாரம் அவ்விடத்தை விட்டு மெல்ல நழுவிச் செல்லலாம்; இடம் மட்டும் அழியாது நிற்கும். யப்பானிய வரலாறு முழுவதும் இந்நாடகமே நடந்தது. 1086இலே ஷிராக்கவா என்னும் மன்னர் முடிதுறந்தார். துறந்த பின்னரே உண்மையாக ஆண்டார். 'மேலரசர்' என்னும் பொருள்தரும் 'ஜோகோ' என்பது அவர்க்குரிய பட்டம். 1192இலே மினமோத்தோ யோரித்தோமோ ஷோகுனானார். அப்பட்டத்தின் முழுவடிவம் 'காட்டுக்குடிகளை அடக்கும் பெரும் படைத்தலைவர்' என்பதாகும். அவர் வழி 1219இல் அற்றுப்போகவே, கியோத்தோவிலிருந்து நடைபழகும் குழந்தை ஒன்றைக் காமக்குராவுக்குக் கொண்டுவந்து வளர்த்து, 1226இல் அதனையே பெரும் படைத்தலைவராக்கினர்! அதிகாரம் ஹோஜோ குடியினரான 'ஷிக்கென்' என்போர் கையில் இருந்தது. மன்னருக்குப் பதிலாகப் படைத்தலைவர், படைத்தலைவருக்குப் பதிலாகக் காரியகர்த்தர். ஆயினும் மேலே உள்ள ஆசனம் ஒன்றுகூட அகற்றப்படவில்லை.

தொக்குகவா இயெயாசு 1603இலே ஷோகுனாகி, இரண்டே ஆண்டில் அதனை மகனுக்கு விட்டுக்கொடுத்து, 1616இல் இறக்குமட்டும் தாமே நாட்டை நடத்தினார். அப்போது அவர்க்கு வழங்கியது 'ஓகோஷோ', அஃதாவது 'பேரரண்மனை' என்னும் பட்டம். மறுபடியும் ஒரு கட்டிடம்! இச்சொல் இன்று இலக்கியவுலகிலே குடியேறியிருக்கிறது. 'புங்கெய் ஷுஞ்சு' சஞ்சிகையை 1923இலே தொடங்கியவரும், 1935இலே அக்குத்தகாவா பரிசினை ஏற்படுத்தியவருமான கிக்குச்சி கன் என்பாரை எழுத்துலகின் ஓகோஷோ என்றே அழைத்தனர். பதவி ஒன்றும் இல்லாது பதவி வழங்குபவர் என்பது அதன் உட்பொருள். எம் இலக்கிய உலகிலும் இத்தகைய பேரரண்மனைகள் இல்லாமலில்லை. பெயர்தான் இன்னும் வைக்கவில்லை. அரசியலிலே திரைமறைவில் நின்று காரியம் நடத்துவோரை யப்பானியர் 'குரோமக்கு', 'கருந்திரை' என்பர். அது கபுக்கி நாடகமேடையிலிருந்து வந்த சொல். கட்சிக் குழுக்களின் தலைவரை 'ரியோஷு' என்பர். அதன் பொருள் 'கழுத்துப் பட்டியும் கையும்', ஆடையிலே முதலிற் கண்ணிற் படுமிடம். எடோ ஆட்சியில் ஆலோசகர் 'மூப்பர்' எனப்பட்டனர். அவர்க்கு அடுத்த நிலையினர் 'இளமூப்பர்'! 1819இற் பிறந்த அபே மசாஹிரோ 1843இலேயே மூப்பராகிவிட்டார். மூப்பு வயதிலே இருப்பதன்று, இருக்கையிலே இருப்பது.

இக்கால அலுவலகத்துக்கு வருவோம். யப்பானியத்திலே பட்டத்தைக் குறிக்கும் பொதுச்சொல் 'கத்தகக்கி' என்பது. 'தோளெழுத்து' என்று நேரே பொருள். பெயரின் தோள்மாட்டில், அஃதாவது மேற்பக்கத்தில் எழுதப்படுவது. இருவர் சந்தித்தால் முதலிற் பெயர்ச்சீட்டை இரு கையாலும் நீட்டிக் கொள்வர். தோளெழுத்தைப் படித்த பின்னரே எவ்வளவு குனிவது, எந்த வினையைப் பயன்படுத்துவது என்பன துணியப்படும். கம்பனித் தலைவர் 'ஷாச்சோ', பகுதித் தலைவர் 'புச்சோ', பிரிவுத் தலைவர் 'காச்சோ'. ஈற்றிலே நிற்கும் 'சோ' என்னும் எழுத்துக்கு நீளம் என்றும் தலைமை என்றும் பொருளுண்டு. நெடியோன், நெடுந்தகை என்னும் எம் சொற்களை நினைக. சிறு குழுவின் தலைவனைக் குறிக்கும் 'ஹன்ச்சோ' என்பதை அமெரிக்கப் போர்வீரர் தம் நாட்டுக்குக் கொண்டுசென்றனர்; அங்கே அது பெரிய மனிதரைக் குறிக்கும் கொச்சைச் சொல்லாயிற்று. பிரதமரைப் பத்திரிகைகள் 'ஷுஷோ' என்று எழுதும். அதன் முதலெழுத்துக்குத் தலை என்றும் கழுத்து என்றும் பொருள். அதே எழுத்தைக் 'குபி' என்று வாசித்து, 'கழுத்தாகிவிட்டான்' என்றாற் பதவியிலிருந்து நீக்கப்பட்டான் என்பதாம். பதவியின் நிலையாமையை ஓரெழுத்திலே அடக்கிய மொழி இது.

இவ்வலுவலக வழக்கிலே எமக்கு மிக வியப்பளிப்பது ஒன்றுண்டு. தனக்கா என்பார் ஒரு கம்பனியின் தலைவர் என்று வைத்துக்கொள்வோம். அவர் கீழ் வேலை செய்வோன் அவரைப் பெயர் சொல்லி அழையான். 'ஷாச்சோ' என்றே அழைப்பான். ஆயின் வெளியாள் ஒருவர் தொலைபேசியிலே அவரை விசாரிக்கும்போது, அதே ஊழியன், 'தனக்கா இருக்கையை விட்டுச் சென்றுளன்' என்பான். பட்டமும் இல்லை, 'சான்' என்னும் மரியாதை விகுதியும் இல்லை; வினையோ தாழ்மை குறிக்கும் வினை. அவமதித்தான் என்று தலைவர் எண்ணார்; மாறாக, பட்டத்தோடு கூறினாலே கடிந்துகொள்வார். ஏனெனின், வெளியார் முன்னிலையிலே தலைவரும் ஊழியனும் ஒரே வீட்டார். தன் வீட்டாரைத் தானே உயர்த்திப் பேசுதல் அநாகரிகம்.

இது எமக்கு மிக உயர்ந்த பண்பாகத் தோன்றுகிறது. எம் மேடைகளிலே அயலூர் விருந்தினரை அமர்த்திவைத்து, அவர் முன்னே எம் சங்கத் தலைவரின் பட்டங்களை மூச்சு வாங்கும்வரை அடுக்குகிறோம். வந்தவர் அம்மாலை முழுவதும் எம் பெருமையையே கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். இவ்விடத்தில் யப்பானியரிடம் நாம் பாடங் கேட்கலாம். ஆயின் மேற்காட்டிய தொலைபேசி வாக்கியத்தைத் தமிழாக்குவோர், எம் காதுக்கு அது கடுமையாகும் என்று அஞ்சி, 'தலைவர் அவர்கள் வெளியே போயிருக்கிறார்கள்' என்று எழுதிவிடுவர். அவ்வளவில் அந்த மொழியின் உயிர்நிலை போய்விட்டது. எஞ்சுவது எங்கும் காணும் பணியாளன் ஒருவனே.

இனி மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். இடத்தைப் போற்றும் மொழியிலே, செயலைச் செய்தவர் யார் என்பது எளிதில் மறைந்துபோகும். போர்க்காலத் தலைவர்களைத் தோக்கியோவிலே விசாரித்தபோது (1946–48) இவ்வுண்மை உலகின்முன் வெளிப்பட்டது. தம் பதவியின் எல்லை அதற்கு இடந்தரவில்லை என்றார் சிலர். முடிந்துபோன காரியத்தைத் தாம் தொடர்ந்ததல்லது வேறில்லை என்றார் சிலர். யுத்தத்தைத் தீர்மானித்தவர் எவர் என்று தேடினால், இருக்கைகள் கிடைத்தன, ஆள் கிடைக்கவில்லை. 1949இலே அரசியல் அறிஞர் மருயாமா மசாவோ இதனை ஆராய்ந்து எழுதிய கட்டுரை யப்பானியச் சிந்தனை வரலாற்றிலே ஒரு மைல்கல். அவர் அவ்வாட்சிமுறையில் மூவகையினரைக் கண்டார். ஒன்று 'மிக்கோஷி'; திருவிழாவிலே தோளிற் சுமந்து செல்லும் தெய்வப் பல்லக்கு அது. மற்றது பல்லக்கைச் சுமக்கும் அதிகாரி. மூன்றாவது கீழேயிருந்து நெருக்கித் தள்ளும் முரடன். பல்லக்குக்கு மதிப்பு மிக உண்டு, அசையும் ஆற்றல் இல்லை. தள்ளுபவனுக்கு ஆற்றல் உண்டு, அவன் பெயர் எவ்வேட்டிலும் இல்லை. பொறுப்பின்மையே ஒரு முறைமையாகிவிட்டது என்பது மருயாமாவின் முடிபு. இக்கேட்டிற்கு மொழியே காரணம் என்று நாம் கூறோம். சர்வாதிகாரிகளைப் பெயர் சொல்லி வாழ்த்திய நாடுகளும் அதே காலத்தில் அதே கேட்டைச் செய்தன. ஆயினும் மறைந்துகொள்ள ஒரு நல்ல மாடத்தை யப்பானிய மொழி கட்டிவைத்திருந்தது.

1945 ஓகஸ்ட் 15ஆம் நாள் மன்னரின் குரலை மக்கள் முதன்முறையாக வானொலியிலே கேட்டனர். அவர் தம்மைக் குறித்தது 'சின்' என்னும் சொல்லால். மன்னர் ஒருவருக்கே உரிய தன்மைப்பெயர் அது. உரை பழைய அரசவை நடையிலே இருந்தமையால், கேட்டோர் பலர்க்குப் பொருள் விளங்கவில்லை. போர் முடிந்ததென்பதைப் பக்கத்திலே நின்றவரைக் கேட்டறிந்தோர் பலர். அடுத்த ஆண்டு நவம்பரிலே வெளிவந்து, 1947 மே மாதத்திலே நடைமுறைக்கு வந்த அரசமைப்போ பேச்சுநடையைத் தழுவியது. நாவலாசிரியர் யமமோத்தோ யூசோ போன்ற எழுத்தாளர் அதற்காக வாதாடினர். அதன் முதலாம் உறுப்புரை மன்னரை நாட்டினதும் மக்கள் ஒற்றுமையினதும் 'ஷோச்சோ', அஃதாவது குறியீடு என்கிறது. அரசியலிலே அதற்குமுன் வழங்காத சொல் அது, இலக்கியவாதிகளின் சொல். உவேதா பின் 1905இலே ஐரோப்பியக் குறியீட்டுக் கவிதைகளை மொழிபெயர்த்துத் தொகுத்தளித்த காலந்தொட்டுக் கவிஞர் அதனை வழங்கிவந்தனர். பல்லக்கை இனிப் பல்லக்கு என்றே வெளிப்படையாகச் சொல்லிவிடுவோம் என்பதுபோல் இருக்கிறது இது. மன்னர் தம்மை இன்று 'வத்தக்குஷி' என்றே கூறுகிறார். 'நான்' என்பதற்கு எவரும் சபையிலே வழங்கும் சொல் அது. 2019இலே அக்கிஹித்தோ முடிதுறந்தபோது, 'ஜோகோ' என்னும் அப்பழைய பட்டம் அவருக்காக மீண்டும் எடுத்துத் தூசி தட்டப்பட்டது. ஷிராக்கவாவின் அதிகாரம் அதனோடு வரவில்லை.

இந்நிலையிலே 'தென்னோ' என்னும் பட்டத்தைத் தமிழிற் 'சக்கரவர்த்தி' என்று எழுதுவது பொருந்துமா? தென்னோ என்பது 'விண்ணரசர்'. சக்கரவர்த்தி என்பவன் எல்லை கடந்து ஆணைச் சக்கரத்தைச் செலுத்துபவன். தாய்வானை 1895இலும் கொரியாவை 1910இலும் கைக்கொண்ட காலத்துக்கு அச்சொல் கொடுமையாகவே பொருந்தும். இன்றோ செலுத்தச் சக்கரமும் இல்லை, ஆணையும் இல்லை. பத்திரிகையாளர் 'யப்பானிய மன்னர்' என்று எழுதினாலே போதும். வரலாறு எழுதுவோர் 'தென்னோ' என்றே வைத்துக்கொள்ளலாம்.

மரியாதைச் சொற்களுக்கு இன்னொரு விதியும் உண்டு. வழங்க வழங்க அவை தேயும். 'கிசமா' என்றால் 'மேன்மை மிக்க தாங்கள்'. ஒருகாலத்திற் போர்க்குடியினர் கடிதங்களிலே மதிப்புடன் எழுதியது. இன்று ஒருவனை அவ்வாறு விளித்தால் அடிதடிதான். 'திருமுன்' என்று மேலே கண்ட 'ஒமாயே' இப்பொழுது 'அடே நீ' என்னும் அளவுக்கு இறங்கிவிட்டது. தைக்குனிலே கோமகனைக் குறித்த 'குன்' என்னும் எழுத்தே, பெயரின் பின்னே ஒட்டி, பள்ளிச் சிறுவனையும் இளைய ஊழியனையும் அழைக்கும் விகுதியாயிற்று. 1952இலே தேசிய மொழி அவை 'இனிவரும் மரியாதைமொழி' என்றொரு பரிந்துரையை அரசுக்கு அளித்தது. மேல் கீழ் என்னும் உறவின்மேல் நின்ற மரியாதைமொழி இனி மனிதரை மனிதர் மதிக்கும் அடிப்படையிலே நிற்கவேண்டும் என்பது அதன் உட்கிடை. கேட்போர் எவராயினும் 'அனத்தா' எனலாம், பெயர்க்குப்பின் 'சான்' போதும், 'சமா' கடிதத்துக்கு இருக்கட்டும் என்று அது வகுத்தது.

'சான்' பெரும்பாலும் வென்றது. 'அனத்தா' தோற்றது. அச்சொல்லின் மூலப்பொருள் 'அப்பால்' என்பதாம். எவர்க்கும் சமமான ஒரு 'நீங்கள்' ஆகட்டும் என்று அவை ஆசைப்பட்டது. இன்றும் மேலதிகாரியை அனத்தா என்று விளிப்பது முறைகேடு. அறிமுகமற்றாரை விளிப்பதும் இடர்ப்பாடானது. ஆகவே மக்கள் என்ன செய்கின்றனர்? பதவிப்பெயரையே 'நீங்கள்' என்பதற்குப் பதிலாக வழங்குகின்றனர். 'புச்சோ தேநீர் அருந்துகிறாரா?' என்று புச்சோவையே பார்த்துக் கேட்கின்றனர். பதவியே முன்னிலைப் பெயராகிவிட்டது. பதவியற்றவன் கதி யாது? ஓய்வுபெற்ற புச்சோ மறுநாட் காலையிலே, தம்மை எவ்வாறு அழைப்பதென்று அயலார் தயங்கும் ஒருவராகிவிடுகிறார். மனைவியோ 'ஓக்குசான்', 'உள்ளறையார்'. கணவன் 'ஷுஜின்', 'வீட்டுத் தலைவன்'. வேலை கொடுக்காமல் யன்னலோரத்தில் உட்காரவைக்கப்பட்ட மூத்த ஊழியரை 1970களின் பிற்பகுதியிலிருந்து 'யன்னலோரக் குலம்' என்றழைத்தனர். அவர்க்கும் ஓரிடத்தைப் பெயராக்கிக் கொடுத்துவிட்டது மொழி. சட்டம் பட்டங்களை ஒழிக்கலாம். 1884இல் ஏற்பட்ட ஐவகைப் பிரபுப் பட்டங்களை 1947இல் அரசமைப்பு ஒரே உறுப்புரையால் ஒழித்தது. முன்னிலைப் பெயரை ஒழிக்கவும் ஆக்கவும் எந்தச் சட்டத்தாலும் ஆகவில்லை.

முக்கியம் என்னும் கருத்துக்கு யப்பானியர் கொண்ட சொற்களிலேதான் இதற்கொரு மாற்று இருக்கிறது. அதிகாரத்தாற் பெரியவரை 'எராய்' என்பர். கனமான காரியத்தைக் கனம் என்னும் அடியாகவே சொல்வர். மதித்தல் 'கனமாக்குதல்', இகழ்தல் 'இலேசாக்குதல்'. எம் கடிதங்களிலே வரும் 'கனம்' என்பதையும் இங்கு நினைக்கலாம். இவற்றின் வேறாய் 'தைசெத்சு' என்றொரு சொல் உண்டு. தைசெத்சுவான மனிதர் என்றால் எமக்கு அருமையானவர், இழக்கவொண்ணாதவர். அவருக்குப் பதவி வேண்டியதில்லை. பதினாறாம் நூற்றாண்டிலே அங்கு சென்ற யேசுசபைக் குருமார் கடவுளின் அன்பை யப்பானியத்திற் சொல்லத் தேடியபோது, இச்சொல்லையே எடுத்தனர். இவ்விரண்டையும் ஆங்கிலம் வழியே தமிழாக்குவோர் பலர் 'முக்கியமானவர்' என்று ஒரே சொல்லாற் போக்கிவிடுகின்றனர். முதலாமவர் பெரிய மனிதர், மற்றவர் எம்மவர். இரண்டும் ஒன்றாகுமா?

'சென்செய்' என்பதும் இவ்வாறே. எழுத்துப்பொருள் 'முன்பிறந்தவர்'. ஆசிரியர், வைத்தியர், எழுத்தாளர், சட்டசபை உறுப்பினர் யாவரும் சென்செய். நற்சுமே சோசெக்கி 1914இலே பத்திரிகைத் தொடராக எழுதிய 'கொக்கோரோ' நாவலில், கதைசொல்லும் இளைஞன் ஒருவரை முற்றாகச் சென்செய் என்றே குறிக்கிறான். அவர் அவனுக்குப் பாடஞ் சொன்னவரல்லர். எந்தத் தொழிலும் இல்லாதவர். பெயரும் நமக்குச் சொல்லப்படுவதில்லை. பதவியேதும் இல்லாத ஒருவருக்குத் தானே ஓர் இடத்தை வகுத்து, அங்கே அவரை இருத்தி, அண்ணாந்து பார்க்கிறான் இளைஞன். அவ்விடம் வெறிதென்று அறிவதே கதை. இதனை 'ஆசிரியர்' என்றோ 'குரு' என்றோ பெயர்த்தால், முதற் பக்கத்திலேயே கதை கெட்டுவிடும். யாழ்ப்பாணத்திலே பாடசாலையை விட்டு முப்பது ஆண்டாகியும் ஊராரெல்லாம் 'மாஸ்ரர்' என்றே அழைக்கும் பெரியவர்கள் உளர். அவ்வழைப்பின் தொனி சற்றே அருகில் வரும், அதுவும் போதாது. 'சென்செய்' என்றே விட்டுவிடுவதுதான் நேர்மை.

சொல்லைச் சட்டத்தால் மாற்றவியலாது என்றோம். ஓராள் மாற்ற முயன்றதையும் கூறவேண்டும். யப்பானியப் பாராளுமன்றம் 1890இலே தொடங்கிய நாள்முதல், அவைத்தலைவர் உறுப்பினரைப் பெயரோடு 'குன்' சேர்த்தே அழைப்பது மரபு. பிரதமராயினும் அங்கே குன்தான். சமமானோர் ஒருவரையொருவர் அழைத்த மெய்ஜி காலத்துக் குன் அது என்பர். எனினும் வெளியே அது இளையோரை அழைக்கும் சொல்லாகிவிட்டது. 1993இலே சோஷலிசக் கட்சியைச் சேர்ந்த டொய் தக்காக்கோ கீழவையின் முதற் பெண் தலைவரானார். அவர் ஆசனத்திலே அமர்ந்து, அமைச்சர் முதல் புதிய உறுப்பினர் வரை யாவரையும் 'சான்' என்றே அழைத்தார். கடைத்தெருவிலே மீன்காரரையும் அயல்வீட்டாரையும் அழைக்கும் அதே சான். 1996இல் அவர் அவ்வாசனத்தை விட்டு இறங்கினார். அவருக்குப் பின் வந்த தலைவர் வாய்திறந்தபோது, சபையிலே மீண்டும் கேட்டது 'குன்'.